படித்து முடித்தவர்க்கும் உதவித் தொகை

உதவித் தொகை என்ற சொல் நம் கல்லூரி மாணவ மாணவியர்க்குப் புதியதன்று. சேர்க்கை நாளன்றே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, அதை மார்போடு அணைத்துக் கொண்டு வரிசையில் நின்றவர்கள்தாமே நாம்! அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் என்பதால், 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டத்தின்படி முதல் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் வந்து விழுந்த அன்று, என் தாயார் அந்தக் குறுஞ்செய்தியை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் படித்து முடித்து, முனைவர் பட்டமும் பெற்று, பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக் கொண்டவர்களுக்கும் உதவித் தொகை உண்டு என்பதும், அதற்கு நாடு முழுவதிலும், ஏன், உலகம் முழுவதிலுமே பெரும் போட்டி நடக்கிறது என்பதும் சென்ற ஆண்டு வரை எனக்குத் தெரியாது. நான் அதை அறிந்து கொண்டது வகுப்பறையில் அன்று. சோமனூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், தறிக் கொட்டகைக்கு எதிரே இருக்கும் திண்ணையில்.

எங்கள் ஊரில் முனைவர் பட்டம் பெற்ற ஒரே பெண், எனக்கு அக்கா முறை ஆகிறவர். நம் கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் வளரும் புல் வகைகளைப் பற்றி ஆய்வு செய்தவர். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியை. நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக் கிழமை மடிக்கணினியோடு எங்கள் திண்ணைக்கு வந்தார். அவர்கள் வீட்டில் செல்பேசிக்குச் சரியாக ‘டவர்’ கிடைப்பதில்லை. மாலைக்குள் ஒரு விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும் என்றார்.

தறியை நிறுத்திவிட்டு வந்த என் தந்தையார், “ஏங்கண்ணு, நீதான் படிச்சு முடிச்சுட்டியே, இன்னும் எதுக்கு எழுதிப் போடறே?” என்று கேட்டார். “ஆராய்ச்சி பண்றதுக்குப் பணம் கேட்டு எழுதறேனுங் சித்தப்பா. கெடைச்சா ரெண்டு வருசத்துக்கு மாசாமாசம் பணம் வரும். என்ன ஆராய்ச்சின்னு நாமளே சொல்லலாம்” என்றார் அக்கா.

என் தந்தையார் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். பாவும் நூலும் முதலாளி கொடுப்பார். என்ன ரகம், எத்தனை மீட்டர் என்பதையும் அவரே சொல்லுவார். நெய்து கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. ஆகவே அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “நூலையும் குடுத்துப்போட்டு, என்ன துணி நெய்யறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோன்னு சொல்றாங்களாக்கும்? அப்படி ஒரு மொதலாளி எங்கே இருக்கறாரு?” என்று சிரித்தார்.

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஸ்காலர்ஷிப்’ என்பது பெரும்பாலும் படிக்கிறவருக்குக் கொடுப்பது. ‘பெல்லோஷிப்’ என்பது தானே ஆராயக் கூடியவருக்குக் கொடுப்பது. அதனை ஆய்வு நல்கை என்று தமிழில் கூறலாம். இது கடன் அன்று; திருப்பித் தர வேண்டியதில்லை. சம்பளமும் அன்று. “பி.எப். உண்டா? தீபாவளிக்குப் போனஸ்?” என்று என் தந்தையார் கேட்டார். இரண்டும் இல்லை! ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வயிற்றுப் பாட்டைப் பற்றிய கவலையை நீக்கி, அந்தக் காலத்தை ஆராய்ச்சிக்கென்றே விடுவித்துத் தருவதுதான் நல்கை. சுருங்கச் சொன்னால், ஒருவருடைய நேரத்தை விலைக்கு வாங்கி, அதை அவரிடமே திருப்பிக் கொடுப்பது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஈரோட்டிலேயே பிறந்தவர். கணித மேதை இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், நம் வழக்கில் சொன்னால் அம்மாயி வீட்டில், பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். கல்லூரியில் அவருக்குக் கிடைத்திருந்த உதவித் தொகை, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லாததால் பறிபோயிற்று. பின்னர் சென்னையில் எழுதிய எப்.ஏ. தேர்விலும் தோல்வி. 1912-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் ரூ. 30 சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்குப் புத்தகம். கிடைத்த நேரத்தில் கணிதம்.

1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதை எல்லோரும் சொல்லுவார்கள். ஆனால் அதே ஆண்டு சென்னையில் நடந்த இன்னொரு செய்தியை அவ்வளவாக யாரும் சொல்லுவதில்லை. வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது இராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்தார். வயிற்றுப் பாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சில ஆண்டுகள் இவர் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்ற கருத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு எழுதினார். பல்கலைக் கழகத்தின் ஆய்வு உதவித் தொகையோ முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கு உரியது. இராமானுஜனிடம் எந்தப் பட்டமும் இல்லை. விதி இடம் கொடுக்காது என்று சிலர் தயங்கினர். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றென்று சட்டத்தின் முன்னுரையே சொல்லுகிறதே என்ற வாதம் எழுந்தது, அதுவே வென்றது. திங்கள் ரூ. 75 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு நல்கை வழங்கப் பெற்றது. மூன்று திங்களுக்கு ஒரு முறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. துறைமுகக் கழகம் அவருக்கு விடுப்புக் கொடுத்தது.

முப்பது ரூபாய் எழுபத்தைந்து ஆனது பெரிதன்று. நாள் முழுவதும் கணிதம் செய்யலாம் என்பதுதான் பெரிது! 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அவ்வாண்டே டிரினிட்டி கல்லூரியின் ‘பெல்லோ’ ஆனார். ஆண்டுக்கு 250 பவுன். சென்னைப் பல்கலைக் கழகமும் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு அறிவித்தது. அதற்கு அவர் 1919 சனவரியில் எழுதிய மறுமொழியில், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் அனுப்புமாறும், தம் அவசியச் செலவு போக மீதியை ஏழைச் சிறுவர்களும் ஆதரவற்றவர்களும் படிக்கும் பள்ளிக் கட்டணத்துக்குப் பயன்படுத்துமாறும் கேட்டுக் கொண்டார். நல்கையைப் பெற்றவரே அதை நாலு பேருக்குப் பிரித்துத் தரச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் மறைந்தார், வயது முப்பத்திரண்டு. ஐந்து ஆண்டுக்கு அறிவித்த தொகையை முழுவதுமாக அனுபவிக்க அவர் இருக்கவில்லை.

தாவரவியல் மாணவியாகிய எனக்கு இன்னும் நெருக்கமானவர் இ.கே. ஜானகி அம்மாள். மருதமலைப் பேருந்தில் லாலி ரோடு வழியாகப் போகும் போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வருகிறது. அந்தப் பக்கத்தில்தான், 1912-இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. அங்கே 1934 முதல் 1939 வரை அவர் மரபியலாளராகப் பணிபுரிந்தார். கரும்பையும் மக்காச் சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் கண்டார். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அங்கேயே பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர் அவர். ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1917-இல் பார்பர் என்பவரின் கொடையால் தொடங்கப்பெற்ற நல்கை ஒன்று அவரைக் கடல் கடக்க வைத்தது. 1931-இல் அறிவியல் முனைவர் ஆனார். பெண்ணொருத்தி பட்டம் பெறுவதே அரிதாக இருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துக் கூறும் நூலை 1945-இல் வெளியிட்டார். 1950-களின் தொடக்கத்தில் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். என்னை வியக்க வைத்தது இவை அல்ல. எழுபது வயதைக் கடந்த பின்னர், 1970-இல், சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வு நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, மதுரவாயலில் இருந்த ஆய்வுக் களத்தில் 1984-இல் மறையும் வரை வேலை செய்து கொண்டிருந்தார் என்பதே. ‘எமெரிடஸ்’ என்று கூறப்படும் இந்த ஓய்வுக்குப் பிந்திய நிலைதான் நல்கை ஏணியின் கடைசிப் படி. அந்த ஏணியின் முதல் படியிலும் கடைசிப் படியிலும் நின்ற ஒருவர், நடுவில் நம் கோவையில் நின்று போயிருக்கிறார்!

மூன்றாமவர் எம்.எஸ். சுவாமிநாதன். அவரைப் பற்றி எல்லோர்க்கும் தெரியும். ஆதலால் ஒன்றை மட்டும் சொல்லிச் செல்கிறேன். இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாக விளங்கும் அன்றைய கோவை வேளாண்மைக் கல்லூரியில் 1947-இல் பட்டம் பெற்றவர் அவர். சில ஆண்டுகளில் அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, இந்தியப் போலீசுப் பணிக்குத் தேர்வு பெற்றதற்கான தாள். மற்றொன்று, நெதர்லாந்து நாட்டில் மரபியல் பயில யுனெஸ்கோ வழங்கிய நல்கை. போலீசு வேலையை விட்டுவிட்டு வாகனிங்கன் சென்றார். உருளைக் கிழங்கை ஆராய்ந்தார். 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். அதன்பின் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் முனைவருக்குப் பிந்திய ஆய்வு. அங்கேயே வேலை தருவதாகச் சொல்லியும் மறுத்து, 1954-இல் இந்தியா திரும்பினார்.

இதை வீட்டில் சொன்னபோது என் மாமா, “போலீசு வேலையை விட்டுப்போட்டுப் போனாராக்கும்?” என்று வாய் பிளந்தார். அவர் எனக்குக் குரூப் நான்கு வழிகாட்டி நூல் வாங்கி வந்திருந்த நாள் அது. மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தில் முதல் முதலாகப் படிக்கிறவளின் பட்டம், வீட்டுக் கடனுக்கும் தம்பியின் படிப்புக்கும் சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது.

இனி இன்றைய நிலைமையைப் பார்ப்போம். முனைவர் பட்ட ஆய்வின்போது கிடைப்பது இளநிலை ஆய்வு நல்கை, ‘ஜே.ஆர்.எப்.’ என்று கூறுவார்கள். ‘நெட்’ தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற வேண்டும். 2023 சனவரி முதல் இது திங்கள் ரூ. 31,000-லிருந்து ரூ. 37,000 ஆக உயர்த்தப் பெற்றது. தமிழக அரசும் தன் கலை அறிவியல் கல்லூரிகளில் முழுநேர ஆய்வு செய்வோர்க்கென முதலமைச்சர் பெயரில் ஒரு நல்கையை ஏற்படுத்தி, 2023 டிசம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வாயிலாகத் தேர்வு நடத்தியது. இது நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கென்றே வந்ததாகும். எத்தனை பேர் அறிவோம்?

பட்டம் பெற்றபின் வருவதுதான் நம் பொருள். தேசிய முனைவர் பின்னாய்வு நல்கை என்று ஒன்று உண்டு. முன்பு அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் வழங்கி வந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தோடு அவ்வாரியம் இணைக்கப்பட்டுவிட்டது. அக்கா விண்ணப்பம் அனுப்ப எண்ணிய காலத்தில் இவற்றின் பெயர்களே மாறிக் கொண்டிருந்தன. ‘இன்ஸ்பயர்’ திட்டத்தில் இளம் முனைவர்கள் ஐந்தாண்டுகள் தாமே ஆய்வுக் குழு அமைக்க வழி உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம் விஞ்ஞானிகளைத் திரும்ப அழைக்க ஏற்படுத்தப்பட்ட நல்கைக்கு இராமானுஜன் பெயரையே வைத்தார்கள். 2022-ஆம் ஆண்டு ஆசிரியர் நாளன்று பல்கலைக் கழக மானியக் குழு டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரில் முனைவர்களுக்கு 900 இடங்களை அறிவித்தது. அவற்றுள் முப்பது விழுக்காடு மகளிர்க்கு. அன்றே ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கும் திங்கள் ரூ. 50,000 வீதம் 100 இடங்கள். நாற்பது வயதுக்குட்பட்டோர்க்குச் சுதந்திரப் பொன்விழாவையொட்டி வந்த சுவர்ண ஜெயந்தி, மூத்தோர்க்கு ஜே.சி. போஸ் என்று மேல் படிகள் போகின்றன. வெளிநாட்டில் செருமனியின் ஹம்போல்ட், அமெரிக்காவோடு சேர்ந்து நம் அரசும் பங்கு போடும் புல்பிரைட்-நேரு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆகியன பெரும் புகழ் வாய்ந்தவை.

பட்டியல் போதும். எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே சுவையான பகுதி. நாம் பழகிய தேர்வு போல இங்கே வினாத்தாள் கிடையாது. வினாவையும் நாமே எழுத வேண்டும்! என்ன கேள்வி, அது ஏன் முக்கியம், எப்படி விடை காண்பேன், எத்தனை திங்கள் ஆகும், எந்த நிலையத்தில் செய்வேன், ஏன் நான் அதற்குத் தகுதி என்பதைச் சில பக்கங்களில் எழுத வேண்டும். மேரி கியூரி நல்கையில் பத்துப் பக்கம். முன்பின் அறியாத வல்லுநர்கள் சிலர் படித்து நூற்றுக்கு மதிப்பெண் இடுவார்கள்: ஆய்வின் சிறப்புக்கு 50, அதனால் விளையும் பயனுக்கு 30, நிறைவேற்றும் திட்டத்துக்கு 20. 2024-ஆம் ஆண்டு 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேர் பெற்றார்கள். நூற்றுக்குப் பதினாறு பேர். 85-க்கு மேல் பெற்றும் பணம் போதாமையால் விடுபட்டவர்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் மட்டும் கொடுக்கிறார்கள். நம் கல்லூரியில் 85 வாங்கினால் ஊருக்கே மிட்டாய் கொடுப்போம்!

அக்கா எழுதிய விண்ணப்பத்தை நான் படித்துப் பார்த்தேன். காங்கயம், தாராபுரம் பக்கங்களில் கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்களைக் கொறங்காடு என்கிறோம். உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும். காங்கயம் மாடுகள் மேய்வது அதில்தான். இந்தக் கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையால் கரு உண்டாகாமலே விதை வைக்கும். அதாவது தாயின் அச்சாகவே மகள் பிறக்கிறாள். அப்படியானால் ஒரு காட்டுப் புல்லுக்கும் மறு காட்டுப் புல்லுக்கும் வேறுபாடு எப்படி வந்தது? வறட்சியைத் தாங்குவது எது? இதுதான் அக்காவின் கேள்வி. நாள்தோறும் மாடு தின்கிற புல்லுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று நான் மலைத்துப் போனேன்.

“நம்மூர்க்காரங்களுக்குக் கொறங்காடுன்னாப் போதும். டெல்லியிலே உக்காந்து படிக்கறவருக்கு, பாரிசுலே படிக்கறவருக்கு, அதை அரைப் பக்கத்துலே காட்டோணுமே அம்மிணி” என்றார் அக்கா. அந்த அரைப் பக்கத்தை அவர் ஒன்பது முறை மாற்றி எழுதினார்.

எழுதுவதைவிடக் கடினமானது வேறொன்று. பெரும்பாலான நல்கைகளுக்கு, ‘இவரை எங்கள் ஆய்வகத்தில் ஏற்றுக் கொள்கிறோம்’ என்று ஒரு விஞ்ஞானி எழுதித் தர வேண்டும். அக்கா பதினொரு பேருக்கு மின்னஞ்சல் எழுதினார். இரண்டு பேர் விடை எழுதினர். அவர்களுள் ஒருவர் சம்மதித்தார். பெரிய நிலையங்களில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு இந்தப் பதினொரு கடிதம் தேவைப்படாது. வழிகாட்டிப் பேராசிரியர் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லுவார். இராமானுஜனுக்கும் ஒரு வாக்கர் வேண்டியிருந்தார் அல்லவா? திறமையைக் கண்டுபிடிக்கிறவர் குறிப்பேட்டைப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். நம் போன்ற கல்லூரிகளுக்கு அந்தத் தூரந்தான் பெரும் தடை. ஆங்கிலம் இரண்டாவது, பணம் அதற்கும் பின்னால்தான் வருகிறது.

மற்றொன்று வயது. பி.எஸ்சி. முடிக்க இருபத்தொன்று, எம்.எஸ்சி. இருபத்து மூன்று, முனைவர் பட்டம் இருபத்தெட்டு. இது காகிதக் கணக்கு. தேசிய நல்கைக்கு 35 வயது என்று வாரியம் வரம்பு வைத்தபோது, பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், மகளிர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர்க்கு ஐந்தாண்டு சலுகை அளித்தது. இன்ஸ்பயர் நல்கையில் பொது வரம்பே 32-தான். அக்காவோ எம்.எஸ்சி. முடித்து மூன்று ஆண்டு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்துத் தங்கையின் திருமணத்தை முடித்த பிறகே ஆய்வுக்குச் சேர்ந்தார். பட்டம் வாங்கும்போது வயது முப்பத்திரண்டு; அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். இந்த ஆண்டுகளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை.

இங்கே வெளிநாட்டு முறை ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஹம்போல்ட் நல்கையும் மேரி கியூரி நல்கையும் பிறந்த தேதியைக் கொண்டு ஒருவரைத் தள்ளுவதில்லை. முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்றே பார்க்கின்றன. ஹம்போல்ட்டில் இளம் முனைவர்க்கு நான்கு ஆண்டு, தேர்ந்தவர்க்குப் பன்னிரண்டு ஆண்டு. மேரி கியூரியில் எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம். குழந்தை வளர்ப்புக்காகச் செலவான காலத்தைக் கழித்தும் விடுகிறார்கள். நம் நாட்டிலும் வயதுக்குப் பதில் ஆய்வு ஆண்டைக் கணக்கிட்டால், தாமதமாகப் படிக்க வந்த எத்தனையோ பேர்க்குக் கதவு திறக்கும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

நல்கை கிடைத்துவிட்டால் எல்லாம் இனிக்கும் என்றும் எண்ணிவிட வேண்டா. தொகை மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை, பல திங்கள் சேர்த்துத்தான் வருகிறது என்பது ஆய்வாளர் பலரின் நெடுநாளைய முறையீடு. வீட்டில் வேறு வருமானம் உள்ளவர் பொறுத்துக் கொள்ளலாம். வாரக் கூலி வீட்டிலிருந்து வருகிறவர்? இரண்டு ஆண்டு முடிந்ததும் மீண்டும் விண்ணப்பம். வேலையை விட்டு நல்கைக்குப் போனால் திரும்பி வரும்போது அந்த வேலை இருக்குமா என்ற கேள்வியும் அக்காவுக்கு இருந்தது. இராமானுஜனுக்குத் துறைமுகம் விடுப்புக் கொடுத்தது போல எல்லா நிருவாகமும் கொடுக்குமா?

அக்காவின் அந்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஆறு திங்கள் கழித்து இரண்டு வரியில் செய்தி வந்தது. கூடவே மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பும் இருந்தது. கேள்வி நன்று, ஆனால் மரபணுச் சோதனைக்கு வேண்டிய கருவி அந்த ஆய்வகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை, இரண்டு பருவ மழைக்குள் இத்தனை ஊரில் மாதிரி எடுக்க இயலாது என்பது அதன் சாரம். அக்கா அன்று மாலை எங்கள் வீட்டில் காப்பி குடிக்கவில்லை. மறுநாள் அந்தக் குறிப்பை அச்செடுத்து வந்து, “அவரு சொல்றது நெசந்தான், இருபது ஊரு அதிகம்” என்று சொல்லிவிட்டு, இருபதை எட்டாகக் குறைத்துக் கோடிட்டார். கருவி உள்ள வேறொரு நிலையத்தாரிடம் மறுபடியும் கடிதம் வாங்கினார். அதற்கு ஏழு மின்னஞ்சல்.

இம்முறை எட்டு ஊர்களில் இரண்டில் புல்லின் நிழற்படம் எடுத்து, கதிரின் நீளம் அளந்து குறித்துக் கொடுத்தவள் நான். காங்கயத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் தாத்தா ஒருவர், “புல்லை அளக்கறக்கு ஸ்கேலு கொண்டாந்த மொத ஆளு நீதான் சாமி” என்று சொல்லி மோர் கொடுத்தார். அந்த அளவெடுப்பே நான் எழுதிய முதல் ஆய்வுக் குறிப்பு.

அக்கா சொல்லித்தான் நானும் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக் கால ஆய்வு நல்கை அது. மாணவரும் சேரலாம், கல்லூரி ஆசிரியரும் சேரலாம்; ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு திங்கள் வேலை. அதற்கு ஏன் விரும்புகிறாய் என்று சிறு கட்டுரை எழுதித் தர வேண்டும். நான் கொழுக்கட்டைப் புல்லைப் பற்றி எழுதினேன். நம் துறை ஆசிரியை பரிந்துரைக் கடிதம் தந்தார்கள். “இதுக்குக் கேக்கறக்கு இத்தனை வருசத்துலே ரெண்டு மூணு பேருதான் வந்திருக்காங்க” என்று அவர்கள் சொன்னதைத் தோழர்கள் தயவு செய்து கவனிக்க வேண்டும். துறை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், பேருந்துக் கட்டணச் சலுகை அறிவிப்புக்குக் கீழே அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் நாள் வரை அக்காவுக்கும் விடை வரவில்லை, எனக்கும் வரவில்லை. மாமா வாங்கித் தந்த குரூப் நான்கு நூலையும் படித்து வருகிறேன். சென்ற வாரம் தறி நின்றிருந்த நேரத்தில், என் தந்தையார் தாமாகவே, “அந்தப் புல்லுக்குப் பணம் வந்துதா அம்மிணி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ஊடு நூலு தீந்து போச்சு, வண்டி வர மூணு மணி ஆகும். அந்தப் பத்துப் பக்கத்தைத் தமிழ்லே படிச்சுச் சொல்லு பாக்கலாம்” என்று கட்டிலில் சாய்ந்தார். நான்காம் பக்கம் படிக்கும்போது நூல் வண்டி வந்துவிட்டது.